பிணையாக நின்ற அண்ணன்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடும்பப் பொறுப்பு, பிரிந்தவர்கள் மீண்டும் சேர்வது ஆகிய இரண்டையும் இணைத்து, வகுப்பறைக்குப் பயன்படும்படி ஏதேனும் ஒரு கதையை எடுத்துக்கொண்டு பேசச் சொன்னார்கள். இந்த இரண்டையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ‘ஒப்புரவு’ என்பது அந்தச் சொல். திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே அது தன்னைச் சுற்றியிருப்பவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையை அறிந்து நடப்பதைக் குறிக்கும். தமிழ் விவிலியத்தில் இதே சொல், பகைத்தவர்கள் மீண்டும் உறவாவதைக் குறிக்க வருகிறது. கடமைக்கும் உறவுக்கும் ஒரு சொல் போதும் என்று நம் மொழி நினைத்திருக்கிறது. நான் இன்று சொல்லப்போகும் கதையும் அதையேதான் சொல்கிறது.

விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலில், 37ஆம் அதிகாரம் முதல் 50ஆம் அதிகாரம் வரை வரும் யோசேப்பின் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

அரசுப் பள்ளியில் விவிலியக் கதையைச் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அரசு நிதியில் மட்டுமே நடக்கும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அதை நாம் மதித்தே ஆக வேண்டும். கதையை இலக்கியமாகவும் மனித வாழ்க்கையாகவும் படிப்பது வேறு, வழிபாடாகச் சொல்வது வேறு. தேம்பாவணியையும் சீறாப்புராணத்தையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் நம் தமிழ்ப் பாடநூல்களில் இலக்கியமாகத்தான் படிக்கிறோம். மேலும், யோசேப்பின் கதை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. யூதர்களின் வேதத்தில் பிறந்த கதை இது. திருக்குர்ஆனின் 12ஆவது அத்தியாயத்தின் பெயரே யூசுஃப். ராயபுரத்தில் ஒரு வகுப்பில் இதைச் சொல்லத் தொடங்கினால், ‘எங்க பாட்டி சொல்லியிருக்காங்க’ என்று சர்ச்சுக்குப் போகும் பிள்ளையும் கை தூக்கும், பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளையும் கை தூக்கும்.

கதைச் சுருக்கம்

யாக்கோபுக்கு 12 மகன்கள். பதினோராவது மகன் யோசேப்பு. கடைக்குட்டி பென்யமீன். தந்தைக்கு யோசேப்பின் மேல் தனிப்பிரியம். அவனுக்கு மட்டும் ஓர் அழகிய அங்கியைச் செய்து கொடுக்கிறார். அண்ணன்மார் மனத்தில் பொறாமை வளர்கிறது. தாங்கள் எல்லாரும் தன்னை வணங்குவது போல் கனவு கண்டதாக அவன் சொன்னதும் அந்தப் பொறாமை பகையாகிறது. அப்போது யோசேப்புக்கு வயது 17.

வீட்டைவிட்டுத் தொலைவில் ஆடு மேய்க்கும் அண்ணன்மார் நலமா என்று பார்த்துவரத் தந்தை அவனை அனுப்புகிறார். அவர்கள் அவனைப் பிடித்து, அங்கியைக் கழற்றி, தண்ணீரில்லாத குழியில் தள்ளுகிறார்கள். தள்ளிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். அந்த வழியாக எகிப்துக்குப் போகும் வணிகர்கள் வர, 20 வெள்ளிக்காசுக்குத் தம்பியை விற்றுவிடுகிறார்கள். அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துத் தந்தையிடம் காட்டுகிறார்கள். காட்டு விலங்கு கொன்றுவிட்டது என்று நம்பிய கிழவர் துக்கத்திலிருந்து எழவே இல்லை.

எகிப்தில் அடிமையாகவும் கைதியாகவும் இருந்த யோசேப்பு, 30ஆவது வயதில் பார்வோன் மன்னனின் முன்னால் நிற்கிறார். ஏழு ஆண்டு விளைச்சலும் அடுத்து ஏழு ஆண்டு பஞ்சமும் வரும் என்று சொல்லி, தானியக் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாளராகிறார். பஞ்சம் வந்ததும் தானியம் வாங்க அண்ணன்மார் பத்துப் பேர் எகிப்துக்கு வருகிறார்கள். யோசேப்பு அவர்களை அடையாளம் கண்டுகொள்கிறார். அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை.

பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம் என்றால் வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஸ்டான்லி மருத்துவமனையை நம் பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் அங்கேதான் இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்திலும் ஊர்களைவிட்டுச் சென்னையை நோக்கி மக்கள் நடந்தார்கள். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் எடுக்கும் நான், பஞ்சம் பற்றிய பகுதிக்கு வரும்போது இந்தக் கதையையும் தொட்டுக்கொள்வேன். பஞ்சம் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை, குடும்பங்களையும் பிரித்துப்போடுகிறது.

யோசேப்பு ஏன் காத்திருந்தார்?

கதையின் இந்த இடத்தில் நிறுத்தி, வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். ‘அண்ணன்களைப் பார்த்ததும் நான்தான் யோசேப்பு என்று ஏன் அவர் சொல்லவில்லை?’

வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பதில்கள் வந்திருக்கின்றன. ‘பழி வாங்குறாரு மிஸ்.’ ‘பயமா இருந்திருக்கும் மிஸ், திரும்ப வித்துடுவாங்கன்னு.’ ஒருமுறை ஒரு மாணவி சொன்னாள்: ‘அவுங்க திருந்திட்டாங்களான்னு பாக்குறாரு மிஸ். திருந்தாதவங்ககிட்ட போயி என்னா பேசுறது?’

அந்தப் பெண் கதையின் மையத்தைத் தொட்டுவிட்டாள். யோசேப்பு அவர்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கடைசித் தம்பி பென்யமீனை அழைத்து வரச் சொல்கிறார். அதுவரை சிமியோனைச் சிறையில் வைத்துக்கொள்கிறார். பென்யமீன் வந்ததும் விருந்து வைக்கிறார். எல்லாரையும் வயது வரிசைப்படி உட்காரவைத்து, பென்யமீனுக்கு மட்டும் ஐந்து மடங்கு உணவு வைக்கிறார். அன்றைக்கு ஓர் அங்கிக்காகப் பொறாமைப்பட்டவர்கள் இன்றைக்கு இதைப் பார்த்து என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கிறார். அவர்கள் பொறாமைப்படாமல் மகிழ்ச்சியாகச் சாப்பிடுகிறார்கள்.

அடுத்த சோதனை கடினமானது. ஊர் திரும்பும்போது பென்யமீனின் மூட்டையில் தன் வெள்ளிக் கிண்ணத்தை வைக்கச்சொல்லி, பிறகு சோதனையிட்டு, அவனைத் திருடன் என்று பிடிக்கிறார். இவன் மட்டும் எனக்கு அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் போகலாம் என்கிறார். அன்று குழியருகே நடந்தது அப்படியே திரும்ப வருகிறது. தந்தைக்குப் பிரியமான ஒரு தம்பி ஆபத்தில் இருக்கிறான். அவனை விட்டுவிட்டுப் போனால் அண்ணன்மாருக்கு எந்த இழப்பும் இல்லை. அன்று விட்டுவிட்டுப் போனார்கள். இன்று?

இரண்டு அண்ணன்கள்

இங்கே இரண்டு அண்ணன்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

மூத்தவர் ரூபன் நல்ல மனம் படைத்தவர். யோசேப்பைக் கொல்ல வேண்டாம், குழியில் போடுங்கள் என்று சொன்னவர் அவர்தான். பிறகு வந்து தூக்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் திரும்பி வந்து பார்த்தபோது குழியில் தம்பி இல்லை. பல ஆண்டுகள் கழித்து எகிப்தில் சிக்கலில் மாட்டியபோது, நான் அப்போதே சொன்னேனே, கேட்டீர்களா என்கிறார். பென்யமீனை அனுப்பத் தந்தை தயங்கும்போது, நான் அவனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிடுங்கள் என்கிறார். பொறுப்பு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு விலையை மட்டும் பிள்ளைகள் தலையில் வைக்கிறார். தந்தை அதை ஏற்கவில்லை.

இன்னொருவர் யூதா. தம்பியைக் கொன்று நமக்கு என்ன இலாபம், விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவரே இவர்தான். அதே யூதா பிறகு தந்தையிடம் வந்து, பென்யமீனுக்கு நான் பிணை, திரும்பக் கொண்டுவராவிட்டால் வாழ்நாள் முழுவதும் அந்தக் குற்றம் என்மேல் இருக்கட்டும் என்கிறார். எகிப்தில் கிண்ணம் அகப்பட்டதும் அதிகாரியின் முன்னால் போய் நிற்கிறார். முதிய தந்தையின் நிலையைச் சொல்கிறார். இந்தப் பையன் இல்லாமல் திரும்பினால் அவர் உயிர் போய்விடும், எனவே இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன், இவனை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்கிறார்.

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் யோசேப்பால் அடக்க முடியாமல் போகிறது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி அழுகிறார். நான்தான் யோசேப்பு என்கிறார். அதையடுத்துத் தந்தை இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிறார். விற்கப்பட்டு 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘பிணை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறருக்காகப் பொறுப்பேற்று நிற்பது பிணை. ஒருவரை ஒருவர் சேர்த்துக் கட்டுவது பிணைத்தல். உறவைப் பிணைப்பு என்கிறோம். யாராவது ஒருவர் பிணையாக நின்றால்தான் பிணைப்பு உண்டாகும். குடும்பம் ஒன்று சேர்வது சமாதானப் பேச்சில் தொடங்குவதில்லை. வீட்டில் மிகவும் பலவீனமானவருக்கு யாரோ ஒருவர் பொறுப்பேற்பதில் தொடங்குகிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

நம் பகுதியில்

இது நமக்கு ஏன் தேவை? துறைமுகமும் தொழிற்சாலைகளும் உள்ள நம் பகுதியில் ஒரு குடும்பம் பிரிவதற்குப் பெரிய வஞ்சகம் தேவையில்லை. ஒரு படகின் என்ஜின் பழுதானால் போதும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வேலை செய்கிறவர் வீட்டில், நாம் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் கடன் கழுத்துவரை இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது வலையும் போச்சு, படகும் போச்சு என்று நின்ற வீடுகள் பல. கன்டெய்னர் லாரி ஓட்டும் அப்பா வாரக்கணக்கில் வெளியூரில். பாகம் பிரிக்காத வீட்டில் ஓர் அறைக்கு இரண்டு குடும்பம். இப்படிப்பட்ட நேரத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிடுகிறது. பெரியவர்கள் பேசாததை நாம் அறிவதே நம் வருகைப் பதிவேட்டில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்துவிடுகிறேன்.

அண்ணனும் தம்பியும் கூட்டாக ஒரு ஃபைபர் படகு வாங்கினார்கள். கடன் தவணை தவறியதும் தகராறு. படகு அண்ணனிடம் நின்றது. தம்பி லாரி வேலைக்குப் போய்விட்டார். தம்பியின் மகன் எட்டாம் வகுப்பு, அண்ணனின் மகள் ஏழாம் வகுப்பு. ஒரே பள்ளி, ஒரே தெரு, ஆனால் பேசிக்கொள்வதில்லை. பையன் வாரத்தில் இரண்டு நாள், பிறகு மூன்று நாள் வராமல் போனான். வீட்டில் கேட்டால் காய்ச்சல் என்றார்கள். அந்தப் பெண்தான் ஒருநாள் இடைவேளையில் என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்: ‘மிஸ், அவனுக்குக் காய்ச்சல் இல்ல. விடியக்காலைல காசிமேட்டுல கூடை தூக்குறான். சித்தி ஒடம்பு முடியாம இருக்காங்க.’

வீட்டில் பேசக்கூடாது என்று சொல்லப்பட்ட பிள்ளை, தன் சித்தப்பா மகனுக்காகப் பேசினாள். பெரியவர்களுக்கு முன்பே பிணையாக நின்றவள் அவள்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் அதே தெருவைச் சேர்ந்த ஒரு தாய் இருந்தார். அவர் மூலம் பெரியப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்தோம். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, ‘அவன் விஷயம்னா நான் பேச வரல மிஸ்.’ தலைமை ஆசிரியர் அண்ணன் தம்பி வழக்கைத் தொடவே இல்லை. ‘படகு யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. அப்பா ஊரில் இல்லை, அம்மா படுத்திருக்கிறார். 14 வயது நிரம்பாத பிள்ளை வேலைக்குப் போகிறான். அவன் அப்பா திரும்பும்வரை இந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று மட்டும் சொல்லுங்கள்’ என்றார். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘நான் நிக்கிறேன் சார். காலைல அவன் ஸ்கூலுக்கு வரலைன்னா என்னக் கேளுங்க’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் அவரே பையனைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். மருத்துவமனைக்கு அந்தத் தாயைக் கூட்டிப் போனது பெரியம்மா.

இரண்டு மாதம் கழித்துப் பையனின் அப்பா பள்ளிக்கு வந்தார். ‘எங்க அண்ணன் கையெழுத்துப் போட்டாராமே, எதுல?’ என்று கேட்டார். காட்டினோம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் அதன் பிறகு ஒரே படகில் போகவில்லை. கடன் கணக்கு தீர்ந்ததா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் பையன் பத்தாம் வகுப்பு முடித்தான். அவன் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்த நாட்கள் உண்டு.

ஆசிரியர் செய்யக்கூடியது இவ்வளவுதான். குடும்ப வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. பிள்ளைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை விடாமல் கேட்பது நம் வேலை.

கதை ஆசிரியருக்குச் சொல்வது

முதலாவது, பாரபட்சம். இந்தக் குடும்பத்தின் சண்டை பிள்ளைகளிடம் தொடங்கவில்லை. யாக்கோபின் பெற்றோரும் ஆளுக்கொரு பிள்ளையை உயர்த்திப் பிடித்தவர்கள். அந்தப் போட்டியில் யாக்கோபு, அண்ணன் ஏசாவின் உடையை உடுத்தி, ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, பார்வை மங்கிய தந்தையை ஏமாற்றியவர். பிற்காலத்தில் அவர் பிள்ளைகள் ஓர் உடையையும் ஆட்டு இரத்தத்தையும் வைத்தே அவரை ஏமாற்றுகிறார்கள். பெற்றோர் காட்டிய ஏற்றத்தாழ்வைப் பிள்ளைகள் பெருக்கிக்கொள்கிறார்கள். ‘உங்க அக்கா இதே வகுப்புல முதல் மார்க்’ என்று நாம் ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது, அந்த அக்காவுக்கு ஓர் அங்கியைத் தைத்துக் கொடுக்கிறோம். அதன் விலையை வீட்டில் அந்தப் பிள்ளைகள்தான் கொடுப்பார்கள்.

இரண்டாவது, கேட்கப்படாத குரல். குழியில் கிடந்த யோசேப்பு என்ன சொன்னான் என்று 37ஆம் அதிகாரத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவன் கெஞ்சினான், நாம் கேட்கவில்லை என்று அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொள்வது 42ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அதாவது அந்தக் கூக்குரல் 20 ஆண்டுக்கு மேல் கழித்து அவர்கள் வாயிலிருந்தே வெளிவருகிறது. நம் பதிவேட்டிலும் ‘வரவில்லை’ என்பதற்கு ஒரு குறி மட்டுமே இருக்கிறது. ஏன் வரவில்லை என்பதை அதே வாரத்தில் கேட்டுவிட வேண்டும். ரூபனைப் போல் பிறகு வந்து பார்க்கலாம் என்றிருந்தால் பிள்ளை அங்கே இருக்காது.

மூன்றாவதாக வருவது மன்னிப்பின் எல்லை. இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். யோசேப்பு மன்னித்தபோது குழியில் இல்லை. பாதுகாப்பான இடத்தில், அதிகாரத்தோடு இருந்தார். குழிக்குள் இருக்கும் பிள்ளையைப் பார்த்து ‘அவங்க உங்க வீட்டுக்காரங்கதானே, பொறுத்துப் போ’ என்று சொல்வது ஒப்புரவு ஆகாது. முதலில் குழியிலிருந்து தூக்க வேண்டும். அடி, பாலியல் தொல்லை, கொத்தடிமை வேலை என்று தெரிந்தால் நாம் சமாதானம் பேசக்கூடாது. 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக் கல்வித் துறை உதவி எண் ஆகியவை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்க வேண்டும். பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். குடும்ப மானம் என்ற பெயரில் யார் கேட்டுக்கொண்டாலும் அதில் விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

நான்காவதாக, காலம். யாக்கோபு எகிப்துக்கு வந்து 17 ஆண்டுகள் வாழ்ந்து இறக்கிறார். மகனுக்கு 17 வயதாகும்வரை தந்தை காப்பாற்றினார், தந்தையின் கடைசி 17 ஆண்டுகள் மகன் காப்பாற்றினார். அவர் இறந்ததும் அண்ணன்மாருக்குப் பழைய பயம் திரும்ப வருகிறது. தந்தைக்காகப் பொறுத்திருந்தவன் இனிப் பழிவாங்குவானோ என்று நடுங்குகிறார்கள். யோசேப்பு அதைக் கேட்டு மீண்டும் அழுகிறார். உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நான் பராமரிப்பேன் என்று மறுபடியும் உறுதி கொடுக்கிறார். 17 ஆண்டு ஒன்றாக வாழ்ந்த பிறகும் நம்பிக்கை முழுதாக வரவில்லை. நாமோ சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளை எழுப்பி, கை குலுக்கச் சொல்லி, இரண்டு நிமிடத்தில் பாடத்தைத் தொடங்கிவிடுகிறோம். கை குலுக்குவது தவறில்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அந்த இருவரையும் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

வகுப்பில் எப்படிச் சொல்வது?

நான் இரண்டு பாடவேளை எடுத்துக்கொள்வேன். முதல் பாடவேளையில் கிண்ணம் அகப்படும் இடம்வரை கதை சொல்லி நிறுத்திவிடுவேன். முடிவு தெரிந்த பிள்ளைகள் சொல்லக்கூடாது என்று முன்பே கேட்டுக்கொள்வேன். ‘நீ யூதாவாக இருந்தால் அந்த அதிகாரியிடம் என்ன பேசுவாய்?’ என்று குழுவாக எழுதச் சொல்வேன். அடுத்த பாடவேளையில் அதை நடித்துக் காட்டுவார்கள். கடைசியில் கதையில் வரும் பேச்சைச் சொல்வேன். தமிழாசிரியருக்கு இது நல்ல பேச்சுப் பயிற்சியும் ஆகும். கீழ் வகுப்புகளுக்கு அங்கி, குழி, தானிய மூட்டை, கிண்ணம் என்று நான்கு படம் வரைந்து வரிசைப்படுத்தச் சொன்னால் போதும்.

ஒரு கவனம் வேண்டும். ‘உன் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை?’ என்று வகுப்பில் எழுப்பிக் கேட்கக்கூடாது. கதைமாந்தரைப் பற்றி மட்டும் கேளுங்கள். சொல்ல விரும்பும் பிள்ளை இடைவேளையில் தானே வந்து சொல்லும்.

இந்தக் கதைக்குத் துணையாக நம் கதைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தம்பி நாட்டைப் பறித்துக்கொள்ள, காட்டில் வாழ்ந்த குமணன், பரிசில் கேட்டு வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல், தன் தலைக்கு விலை இருக்கிறது என்று வாளை எடுத்துக் கொடுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் அருகில் ஒரு கதை உண்டு. தியாகராஜர் கோயில் மகிழ மரத்தடியில், பிரிய மாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊரைவிட்டுப் போனதும் பார்வை இழந்தார் என்பார்கள். குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கை மீறினால் வழி தெரியாமல் போகும் என்று அதைப் பிள்ளைகளே விளக்குவார்கள். மூன்று கதைகளையும் பக்கத்தில் வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் இது தன் கதையில்லை என்று தோன்றாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பள்ளிக்குத் திரும்பியதும் உங்கள் வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ‘இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால் ஓடிவரக்கூடியவர் யார்?’ என்று எழுதிப் பாருங்கள். அம்மா, அப்பா என்று பெரும்பாலான இடங்கள் எளிதாக நிரம்பிவிடும். சில பெயர்களுக்கு எதிரே பாட்டி, அத்தை, மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று வரும். அவர்களுடைய கைப்பேசி எண்ணை வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று பெயர்களுக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. அந்த இடத்தைக் காலியாக விடாமல், உறவிலோ தெருவிலோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ ஒருவரைத் தேடிப் பிடிக்கும்வரை, உங்கள் பெயரை எழுதி வையுங்கள்.